வெசூவியஸ் கருமணலும் அரிக்கமேட்டுச் சாடியும்

இத்தாலியில் நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போகிற நம்மவர்கள் முதலில் தேடுவது ஒரு தந்தப் பதுமையை. சாண் உயரத்துக்குச் சற்றுக் கூட. 1938இல் பொம்பெயி இடிபாடுகளில் கிடைத்தது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து அந்த ஊரைப் புதைத்துவிட்டதால், அதற்கு முன்பே இந்தப் பதுமை நம் நாட்டிலிருந்து கப்பலேறியிருக்க வேண்டும். மகன் குடும்பத்தோடு விடுமுறையில் போனபோது நானும் அதன் முன் வெகுநேரம் நின்றேன்.

'பொம்பெயி லட்சுமி' என்று பெயர் வைத்தார்கள். லட்சுமி அல்ல, யட்சியாக இருக்கலாம் என்பது பிற்கால அறிஞர்கள் கருத்து. கூட வந்த நண்பர், "நம்ம பூம்புகார்ல செதுக்கினதா இருக்கும் சார்" என்றார். நான் ஒப்பவில்லை. அதில் கரோஷ்டி எழுத்து ஒன்று இருக்கிறது. அது வடமேற்கு நாட்டு எழுத்து. இதே சாயலுள்ள உருவங்கள் மகாராஷ்டிரத்துப் போகர்தனிலும் தேர் என்ற ஊரிலும் கிடைத்திருக்கின்றன. இரவல் பெருமை நமக்கு எதற்கு?

நமக்கு உரிய சான்று புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் இருக்கிறது. அங்கே முதலில் பிரெஞ்சுக்காரர்களும், 1945இல் மார்ட்டிமர் வீலரும் தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. இருபுறமும் பிடி, கூம்பிய அடி. பின்னால் ஆராய்ந்தவர்கள் சில துண்டுகளின் களிமண்ணில் எரிமலைக் கருமணல் கலந்திருப்பதைக் கண்டார்கள். வெசூவியஸைச் சுற்றியுள்ள காம்பானியாப் பகுதிச் சாடிகளின் அடையாளம் அது.

மறுநாள் அந்த மலைக்கே போனோம். உயரம் 1281 மீட்டர். கடைசியாக 1944 மார்ச்சில் வெடித்தது. அடுத்த ஆண்டுதான் வீலர் அரிக்கமேட்டுக்கு வந்தார். காலடியில் நொறுநொறுவென்று கரிய சரளை. திருப்பனந்தாளில் காவிரி வண்டலை மிதித்தே பழகிய கால்களுக்கு அது புதிது. சரிவில் இன்றும் திராட்சைத் தோட்டங்கள். யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர் சொல்கிறாரே, அது இந்தச் சரிவில் விளைந்ததாகக்கூட இருக்கலாம்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு 'பிளீன்' என்று சொல்லிக்கொடுத்த மூத்த பிளினி, இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை ரோமிலிருந்து உறிஞ்சுகிறது என்று அங்கலாய்த்தவர். மிளகுக்கு ஏன் இத்தனை மோகம் என்றும் கேட்டவர். கப்பற்படைத் தளபதியாக இருந்த அவர் மாண்டதும் இதே 79ஆம் ஆண்டு வெடிப்பில்தான். இவ்வளவும் படித்தோம், அரிக்கமேடு என்ற பெயரை வகுப்பில் ஒருவரும் உச்சரித்ததில்லை.

பொம்பெயியைச் சாம்பல் மூடிக் காத்தது. அரிக்கமேட்டின் கரையை அரியாங்குப்பத்து ஆறு அரித்துக்கொண்டிருக்கிறது. அங்கே கிடைத்த பொருள்களைப் பார்க்க நேப்பிள்ஸ் போக வேண்டியதில்லை, புதுச்சேரி அருங்காட்சியகம் போதும். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும்.