வருகைப் பதிவில் விரல்ரேகை: மெய்ப்பிக்கும் சுமை யாருடையது?

வருகைப் பதிவேட்டை நிரப்புவது ஆசிரியரின் கடமை. ‘உள்ளேன் ஐயா’ என்ற குரல் அதற்குப் போதுமானதாக இருந்தது. அவ்விடத்தில் விரல்ரேகைக் கருவி வரும்போது, வகுப்பில் இருப்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு மாணவரிடம் போய்ச் சேர்கிறது.

ரேகைக் கோடுகள் முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் கருவி ஒப்பிடுகிறது. குழந்தையின் விரலோ வளர்ந்துகொண்டே இருப்பது. ஆதாரிலேயே 5 வயதுக்குட்பட்டோரின் ரேகை எடுக்கப்படுவதில்லை. 5, 15 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். செங்கல் சூளையிலும் வயலிலும் பெற்றோருடன் உழைக்கும் பிள்ளைகளின் ரேகை தேய்ந்துபோவதும் உண்டு. கருவி அதனை ஏற்காவிடில், பதிவாவது கருவியின் பிழையன்று. பிள்ளை ‘வரவில்லை’ என்பதே.

இது வெறும் தொழில்நுட்பக் கோளாறு அன்று. பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகள், அனுமதியின்றி ஒழுங்கற்ற வருகையை உதவித்தொகையை ரத்து செய்வதற்கான காரணங்களுள் ஒன்றாக நெடுங்காலம் வைத்திருந்தன. வசதியுள்ள மாணவருக்குச் சில நாள் தொல்லையாக முடிவது, விடுதியில் தங்கிப் படிக்கும் தலித் மாணவருக்குப் படிப்பையே நிறுத்தக்கூடும்.

2018 செப்டம்பர் 26 அன்று வழங்கிய ஆதார் தீர்ப்பில், 6 முதல் 14 வயது வரையிலான கல்வி அரசமைப்புச் சட்டத்தின் 21அ பிரிவின்படி அடிப்படை உரிமை, அது சலுகையோ மானியமோ அன்று என உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயமில்லை. ஆனால் ஆதாரோடு இணையாத கருவியைப் பள்ளியே வாங்கி மாட்டினால், இத்தீர்ப்பு அதனை நேரடியாகத் தடுப்பதில்லை.

பெற்றோர் கையொப்பமிட்டார்களே என்று நிர்வாகம் சொல்லலாம். ஸ்வீடனின் ஷெலெஃப்டியோ நகராட்சியும் அதையே சொன்னது. அங்கு ஒரு பள்ளியில் 22 மாணவர்களின் வருகையை முகமறி கேமரா மூலம் சோதனை முறையில் பதிந்தார்கள். பள்ளியைச் சார்ந்திருக்கும் மாணவர் தரும் இசைவு சுதந்திரமான இசைவாகாது என்று கூறி, தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் 2 லட்சம் குரோனா அபராதம் விதித்தது. ஊர்ப் பெரியவர்களுக்கும் தலைமையாசிரியருக்கும் முன் நிற்கும் சேரிப் பெற்றோரின் கையொப்பத்தை இத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரைக் கண்காணிப்பதைத் தடை செய்கிறது. 2025 விதிகளோ, கல்விச் செயல்பாடுகளுக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கல்வி நிறுவனங்களுக்கு விலக்களித்துவிட்டன. பிரிட்டனின் 2012 சட்டம் மாறானது: பெற்றோரின் எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும், பெற்றோர் இசைந்தாலும் பிள்ளை மறுத்தால் ரேகை எடுக்கக் கூடாது, மறுத்த பிள்ளைக்குப் பள்ளி மாற்று வழி தந்தாக வேண்டும்.