போர்முனையும் வகுப்பறையும்: இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த பேராக் தமிழரின் கல்விப் பயணம் – தாப்பா வட்டாரத்தை முன்னிறுத்தி

முன்னுரை

மலாயாவில் உருவான இந்திய தேசிய இராணுவம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் தலைமை, இம்பால் போர், செங்கோட்டை வழக்கு ஆகியவற்றையே மையமாகக் கொண்டுள்ளன. போர் முடிந்து வீடு திரும்பிய இளையோர் மீண்டும் பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்ல முடிந்ததா என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாவைப் பேராக் மாநிலத்தை, குறிப்பாகத் தாப்பா வட்டாரத்தை முன்னிறுத்தி ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. ஒரே சீருடை அணிந்த இருவருள் ஒருவர் பல்கலைக்கழகம் வரை சென்றதற்கும் மற்றவர் பால்வெட்டுக்கே திரும்பியதற்கும் காரணம் அவர்தம் வீரமோ அறிவோ அன்று. போருக்கு முன் அவர்கள் பயின்ற பள்ளியே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

போருக்கு முந்தைய கல்விச் சூழல்

பத்தாங் பாடாங் மாவட்டத்தின் தலைநகரான தாப்பா, கேமரன் மலைக்குச் செல்லும் சாலை தொடங்கும் ஊர். தாப்பா, பீடோர், சுங்கை ஆகிய ஊர்களைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்களே அங்குத் தமிழர் வாழ்வின் களமாக இருந்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் பள்ளியைத் தந்ததேயன்றி மேற்கல்விக்கு வழி தரவில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளி தொடக்கநிலையோடு முடிந்தது. கல்லூரிக்குரிய வழியான ஆங்கிலப் பள்ளிகள் ஈப்போ, கம்பார் போன்ற நகரங்களில் இருந்தன. அவற்றுக்குக் கட்டணமும் செலுத்த வேண்டும். ஆகவே கிராணிமார், அரசு ஊழியர், வணிகர் ஆகியோரின் பிள்ளைகளே பெரும்பாலும் அங்குப் பயின்றனர்.

படைமுகாம் என்னும் பள்ளி

1941 டிசம்பர் 30 தொடங்கி 1942 சனவரி 2 வரை கம்பாரில் போர் நடந்தது. சனவரி 7இல் சிலிம் ரிவர் வீழ்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் பெருஞ்சாலையில் அமைந்த தாப்பாவைக் கடந்தே ஜப்பானியப் படை தெற்கு நோக்கிச் சென்றது. பின்வந்த ஆண்டுகளில் தோட்டங்களில் வேலை குன்றியது, பஞ்சம் சூழ்ந்தது, பல்லாயிரம் தமிழர் சயாம் – பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 சூலையில் போஸ் சிங்கப்பூர் வந்து தலைமையேற்றதும் தோட்டப்புற இளைஞர் பலர் படையில் சேர்ந்ததை இச்சூழலில் வைத்தே நோக்குதல் வேண்டும். நாட்டுப்பற்றும் பசியும் மரண இரயில் அச்சமும் அம்முடிவில் கலந்திருந்தன.

1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கப்பெற்றது. அதில் சேர்ந்தோருள் தோட்டத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் மிகப் பலர். எழுத்தறிவு இல்லாதோரும் இருந்தனர். அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி ஆகியவற்றோடு உரோமன் எழுத்தில் இந்துஸ்தானியும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. வகுப்பறையைக் காணாத பெண்களுக்குப் படைமுகாமே முதற்பள்ளி ஆயிற்று. கிராணி மகளும் பால்வெட்டுத் தொழிலாளி மகளும் ஒரே வரிசையில் நின்ற அவ்விடத்தை, தோட்டத்துச் சமூக அடுக்கு சற்றே தளர்ந்த இடமாகவும் கருதலாம்.

திரும்பி வந்தோரின் இருவேறு வழிகள்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபின் மலாயாவில் சேர்ந்த குடிமக்களுள் பெரும்பாலோர் வீடு திரும்பினர். முகாமில் தளர்ந்த அடுக்கு ஊரில் மீண்டும் இறுகியது.

ஒரு வழிக்குச் சான்றாக விளங்குபவர் இராசம்மா பூபாலன். 1927இல் பிறந்து ஈப்போவில் வளர்ந்த அவர், பதினாறு வயதில் தம் தமக்கை பொன்னம்மாவுடன் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றார். திரும்பியபின் விட்ட இடத்தில் கல்வியைத் தொடர்ந்து, சிங்கப்பூரில் அமைந்திருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயின்று ஆசிரியரானார். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவி, சம வேலைக்குச் சம ஊதியம் கோரிப் போராடினார். பின்னர்க் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கினார். போர் அவருடைய கல்வியைத் தடைசெய்தது, ஆனால் அழிக்கவில்லை. திரும்பிச் சென்று அமர அவருக்கு ஓர் ஆங்கிலப் பள்ளி இருக்கை இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

தோட்டத்துப் பிள்ளைக்கு அத்தகைய இருக்கை இல்லை. தொடக்கநிலை முடித்துப் படைக்குச் சென்ற ஓர் இளைஞன் இருபது வயதில் திரும்பி எந்த வகுப்பில் அமர்வது? அவனுக்கு எஞ்சியவை பால்வெட்டுக் கத்தியும் தொழிற்சங்கமும். முகாமில் கற்ற ஒழுங்கும் பேச்சாற்றலும் சங்க மேடைகளில் பயன்பட்டன. அவ்வழியும் இடர் நிறைந்ததே. அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் 1944 சூன் 22ஆம் நாள் நிறைவேறிய படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், திரும்பிய வீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வழிசெய்தது. 1956 வரை ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அச்சட்டத்தின்கீழ்க் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அவர்களுள் சுமார் 22 இலட்சம் பேர் கல்லூரிகளில் பயின்றனர். ஆயினும் தென்மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களுக்கு மூடியே இருந்தன. அவர்களை ஏற்ற கறுப்பினக் கல்லூரிகளில் இடம் போதவில்லை.

இவ்வொப்பீடு இரண்டு உண்மைகளை விளக்குகிறது. அரசு எவரை வீரர் என ஏற்கிறதோ அவருக்கே உதவி கிட்டும். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போரிட்டவருக்கு அவ்வாட்சி படிப்புதவி தருமென எதிர்பார்த்தல் இயலாது. உதவி கிட்டினும், நுழைய ஒரு கல்லூரி இல்லையெனில் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். தோட்டத்துத் தமிழ் வீரருக்கு இவ்விரண்டும் இல்லை.

அடுத்த தலைமுறை

தாம் நுழையாத பல்கலைக்கழகத்துக்கும் அச்சமூகம் கொடை அளித்தது. 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பெற்றபோது, அங்குத் தமிழுக்கு உரிய இடம் வேண்டி கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்கு எளிய தொழிலாளரும் வெள்ளி வெள்ளியாக வழங்கினர். அவர்களுள் முன்னாள் படையினரும் இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு.

1960களின் நடுப்பகுதியில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டதும் தோட்டத்துப் பிள்ளைகள் புகுமுக வகுப்பின் வழியே இடைநிலைப்பள்ளியை எட்டினர். 1970களில் உயர்கல்வியில் இன ஒதுக்கீடு வந்தது. 2002இல் தகுதியடிப்படை முறை அறிவிக்கப்பட்ட பின்னரும், மெட்ரிகுலேஷன் கல்வியில் பூமிபுத்ரா அல்லாதாருக்குப் பத்து விழுக்காட்டு இடமே அமைந்தது. தாப்பாவிலும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் அமைந்துள்ளது; அது பூமிபுத்ரா மாணவருக்குரியது. எனவே அவ்வூர்த் தமிழ் மாணவர் உயர்கல்விக்கு வேறூர் நோக்கியே செல்கின்றனர். இருக்கை எங்கே என்னும் பழைய வினா முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

முடிவுரை

ஆங்கிலம் கற்றோரின் போர் அனுபவம் நூல்களாகவும் நேர்காணல்களாகவும் பதிவாகியுள்ளது. தோட்டத்து வீரரின் அனுபவம் பெரும்பாலும் குடும்ப நினைவிலேயே தங்கியுள்ளது. கல்வியில் நேர்ந்த வேறுபாடு வரலாற்றுப் பதிவிலும் தொடர்வதை இது காட்டுகிறது. இரப்பர் அழிந்து செம்பனை வந்து, தோட்டக் குடியிருப்புகளும் கலைந்துவரும் இந்நாளில் அந்நினைவும் மறையும் நிலையில் உள்ளது. தாப்பா வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவர்களைக் கொண்டு பாட்டன் பாட்டியரின் போர்க்காலச் செய்திகளைத் திரட்டினால், கல்லூரி காணாத அவ்வீரர்களின் வாழ்வு பல்கலைக்கழக ஆய்வுக்கு மூலச்சான்றாகும். அவர்கள் வெள்ளி வெள்ளியாகத் தந்த கொடைக்கு இத்துறை ஆற்றக்கூடிய கைம்மாறும் அதுவே எனலாம்.