கொல்லிமலைக் காய்ச்சலும் மாசிபத்திரியும்

கௌபாய் படங்களில் குதிரைகள் ஓடும் பொட்டலில் சாம்பல் நிறப் புதர்கள் தெரியுமே, கவனித்திருக்கிறீர்களா? அதுவும் நம் பூக்கடை மரிக்கொழுந்தும் ஒரே பேரினம்தான்: ஆர்ட்டிமீசியா. கொல்லிமலையில் வளரும் மாசிபத்திரியும் அதே குடும்பத்துப் பிள்ளை. இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், கசக்கினால் வாசனை தூக்கும். தாவரவியல் பெயர் ஆர்ட்டிமீசியா நீலகிரிகா. பெருமை நீலகிரிக்குப் போய்விட்டது, என்ன செய்ய!

கொல்லிமலை என்றாலே வல்வில் ஓரி, 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை என்றுதான் எழுதுகிறார்கள். நான் எழுத நினைத்தது காய்ச்சலைப் பற்றி. கீழ்நாட்டுக்காரர்கள் அந்த மலைக்குப் போகவே பயந்ததற்கு மலேரியா ஒரு பெரிய காரணம்.

இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனரி, 1913-ல் திருமணமானதும் மனைவி எவலினுடன் அங்கே குடியேறினார். மலைமக்களுக்கு மருத்துவமும் பார்த்தார். மலேரியாவுக்கு அப்போது இருந்த மருந்து கொய்னா. தென் அமெரிக்க சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. 1860-களிலேயே நீலகிரியில் அரசு சின்கோனாத் தோட்டம் போட்டுவிட்டது. இருந்தும் 1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியாவில் ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப்போகும் நிலை அது. கொய்னாவை விட்டு விட்டுச் சாப்பிடுவதோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்கிறார்கள். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பால் பிராண்ட்தான் பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்த அறுவை மருத்துவர். எவலின் முதுமையில் மறுபடி மலையேறி அங்கேயே உழைத்தார். 1974-ல் 95 வயதில் இறந்தபோது கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இங்கேதான் நம் செடியின் உறவுக்காரி வருகிறாள். 1967-ல் சீனா மலேரியாவுக்குப் புது மருந்து தேட ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த தூ யூயூ, 4-ஆம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றில் இலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்தார். காய்ச்சச் சொல்லவில்லையே! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரில் சாறு எடுத்தார். 1972-ல் ஆர்ட்டிமிசினின் பிரித்தெடுக்கப்பட்டது. ஜெஸ்ஸி இறந்து 43 வருடம் கழித்து. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு.

உடனே சிலர் மாசிபத்திரிக் கஷாயம் மலேரியாவைப் போக்கும் என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சீனச் செடி ஆர்ட்டிமீசியா ஆன்வா, வேறு இனம். கஷாயத்தை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. அதுவும், அந்தச் சீனச் செடியைக்கூட கொதிக்கவைத்தால் மருந்து கெடும் என்றல்லவா தூ யூயூ கண்டுபிடித்தார்?