மறத்தலும் மறுத்தலும்

பால் மறத்தல், பால் மறுத்தல் என்னும் இரண்டும் ஓரெழுத்தே வேறுபடுவன. ஆயினும் நம் பாட்டிமார் அவற்றை ஒருநாளும் மயங்கிக் கொண்டதில்லை. முன்னையது, வேப்பிலையை அரைத்துக் காம்பிலே பூசி, தாயே பிள்ளையை மறக்கப் பண்ணுவது. பின்னையது, நேற்றிரவு வரை ஆவலோடு குடித்த சிசு, இன்று காலையில் முதுகை வளைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டழுவது.

அப்படி அழுத பிள்ளையைக் கண்டதும், கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஒரே முற்றத்தைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட தோட்டங்களிலே, அடுத்த அறையிலிருந்து எழுந்து வரும் மூத்த பெண் முதலில் அதன் வாயைத் திறந்து பார்ப்பாள். நாக்கில் வெண்படலம் கண்டால் அக்கரம். ஈறு தடித்திருந்தால் பல். மூக்கடைத்திருந்தால், மூச்சு விடுவதா பாலுறிஞ்சுவதா என்று பிள்ளை தவிக்கிறது. ஒரு பக்கம் குடித்து மறு பக்கம் கிடத்தியதும் கதறினால் காதிலே குத்து. பிறகே நாவூறு கழிப்பது. யாழ்ப்பாணத்து வைத்திய நூலாகிய பரராசசேகரம் பாலரோகங்களுக்கென ஒரு பாகத்தையே ஒதுக்கியிருக்க, உப்பையும் செத்தல் மிளகாயையும் நெருப்பிலிடுவது எந்த வைத்தியம் என்று படித்தவர்கள் நகைக்கலாம். மிளகாய் வெடிக்கும் வரையில் தாய்க்கும் பிள்ளைக்கும் சற்று அவகாசம் கிடைத்தது என்பதே என் அபிப்பிராயம்.

கொழும்பு மாதர்க்கு ஆஸ்பத்திரிப் பிரசவமும் புதிதன்று. சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையால் அவர் பெயர் தாங்கிய பிரசவ மனை 1879இலேயே திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதே நகரில் வெள்ளவத்தையின் கதை வேறு. 1905இல் வடபகுதி ரயில் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கிய பின்னர், உத்தியோகம் தேடி வந்து அங்கே குடியேறிய யாழ்ப்பாணத்தவரின் மனைவியர், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய், சரக்கரைத்த கறியும் பால்சுறாவும் உண்டு, துடக்குக் கழிந்தபின் கைக்குழந்தையோடு ரயிலேறித் திரும்பினார்கள். பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கும் அம்மம்மா ஊரிலேயே நின்றுவிட்டாள். சிசு தன் மாதாவை வாசனையால் அறிவது. புதிய வாசனைச் சவர்க்காரமோ, ஓடிக்கொலோனோ, மார்பில் தடவிய தைலமோ, வேப்பிலை செய்த காரியத்தை அவள் அறியாமலே செய்துவிடக்கூடும். பல் பட்டதும் அவள் திடுக்கிட்டுக் கூவிய ஒரு கூச்சலே போதும். சில பிள்ளைகள் அடுத்த வேளையே அஞ்சி விலகும்.

இந்த வேளையில் கையருகே இருந்தது பால்பேணி. நெஸ்லே கம்பனி இலங்கையில் வியாபாரம் தொடங்கியது 1906இல், அதாவது ரயில் வந்த மறு வருஷம். சூப்பிப் போத்தலில் பால் பிரயாசையின்றி வழிந்தது, பிள்ளை அடங்கிற்று, உறிஞ்சப்படாத மார்போ வற்றிற்று. நாலு நாளில் தீர்ந்திருக்கவேண்டிய மறுத்தல், இவ்வாறு நிரந்தரமான மறத்தலாயிற்று. குழந்தைக்கு டின்பாலைப் பரிந்துரைப்பதன் கேட்டை டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்திலே ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பிட்டுக் கண்டித்தார். உலகம் செவிசாய்க்க நாற்பது வருஷங்களுக்கு மேலாயிற்று. 1981 மே மாதத்தில் உலக சுகாதார சபை தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் கோவையை 118 தேசங்களின் வாக்கோடு நிறைவேற்றியது. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. அவ்வாண்டிலேயே தன் சொந்தக் கோவையை வகுத்துக்கொண்ட சில நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதற்குத் துணையாக வீடு தேடி வந்தவள், களுத்துறையில் 1926இல் ஆரம்பித்த சுகாதாரப் பிரிவிலிருந்து நாடெங்கும் பரவிய அரசாங்க மருத்துவிச்சி. அம்மம்மாவின் இடத்தை ஓரளவேனும் நிரப்பியவள் அவளே. 2016ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே அருந்தின.

பால் மறுத்த பிள்ளையைத் திருப்புவதில் பழைய உபாயமும் புதிய சாஸ்திரமும் அதிகம் முரண்படவில்லை. பாலைக் கையால் கறந்து பாலாடையிலோ சங்கிலோ புகட்டி மார்பு வற்றாமல் காப்பது. வற்புறுத்தாமல், வெற்று மேனியோடு அணைத்துக்கொண்டு, பிள்ளை அரைத்தூக்கத்திலிருக்கும் சமயம் பார்த்து மறுபடி கொடுப்பது. காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். மற்றப்படி, ஒரு வயது நிறையாத சிசு தானாகவே முலையை மறப்பது மிக அபூர்வம். பெரும்பாலும் நாலைந்து நாளில் திரும்பிவிடும்.