மகாலின் வெளிச்சம்

1858இல் கேப்டன் லினேயஸ் டிரைப் மதுரையைப் படமெடுத்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். மீனாட்சி கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், திருமலை நாயக்கர் மகால் என ஒன்றையும் விடவில்லை. மெழுகேற்றிய காகிதம்தான் நெகட்டிவ். நீல ஒளி அதில் சட்டென்று பதியும். கல்தூணின் செதுக்கல் தெரியும்வரை காத்திருந்தால் வானம் வெளுத்துவிடும். நெகட்டிவின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். அந்தப் பொறுமைக்கு நான் அடிமை.

கல்யாண ஜோடிகளை மகாலில் நிறுத்தி எடுக்கும் எனக்கும் அதே மல்லுக்கட்டுதான். முற்றத்தில் பங்குனி வெயிலென்றால் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/1000. தூண்களுக்குப் பின்னால் ஆழமாகப் போனதும் 1600, 1/125. கல்யாண வீட்டு மஞ்சள் பல்புக்கு வொயிட் பேலன்ஸை 3200 கெல்வினுக்கு இறக்குவேன். வெயிலும் நிழலும் ஒரே சட்டத்தில் விழுந்தால் மணப்பெண்ணின் முகத்துக்குத்தான் அளவு வைப்பேன்; வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.