இடுப்பு முதுகெலும்புக் காசநோய்: அறுவை மருத்துவம்

காசநோய்க் கிருமி முள்ளெலும்பின் முன்பகுதியையும் அடுத்துள்ள இடைத்தட்டையும் அரிக்கும்போது செய்யப்படும் அறுவைகளைப் பற்றியது இக்கட்டுரை. இடுப்புப் பகுதியில் திரளும் சீழ் சோவாஸ் தசையின் உறை வழியே இறங்கித் தொடை மடிப்பில் வீக்கமாகத் தோன்றுவதுண்டு. எகிப்தின் 21ஆம் அரசமரபைச் சேர்ந்த, அமோன் கோயில் பூசாரி ஒருவரின் பதப்படுத்திய உடலில் கூனோடு இச்சீழ்க்கட்டியும் இருந்ததை 1910இல் ஆய்வாளர்கள் விவரித்தனர்.

லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் கூனோடு வரும் கால்வாதத்தைப் பற்றி எழுதினார். நோய் அவர் பெயராலும் வழங்குகிறது. 1911இல் நியூயார்க்கில் ரசல் ஹிப்ஸும் ஃபிரெட் ஆல்பியும் தனித்தனியே முள்ளெலும்புகளைப் பின்புறமாக இணைத்தனர். முன்புறத்து அழுகல் அப்படியே நின்றது. ஜப்பானில் இட்டோ குழுவினர் 1934இல் முன்பக்க அறுவையை வெளியிட்டனர்.

காசநோய்க்கு மருந்தாக ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபின் நிலை மாறியது. ஹாங்காங்கில் ஹாட்சனும் ஸ்டாக்கும் விலாவை ஒட்டிக் கீறி, வயிற்று உறையைக் கிழிக்காமல் ஒதுக்கி, இடுப்பு முள்ளெலும்பின் முன்புறத்தை அடைந்தனர். சீழையும் செத்த எலும்பையும் அகற்றி, இரத்தம் கசியும் நல்ல எலும்பு தெரியும்வரை செதுக்கி, அந்தக் குழியில் நோயாளியின் சொந்த எலும்புத் துண்டையே இறுக்கிப் பொருத்தினர். 1956இல் முதல் அறிக்கையும் 1960இல் முதல் 100 நோயாளிகளின் விவரமும் வெளிவந்தன. 'ஹாங்காங் அறுவை' எனப் பெயர் பெற்ற இது எல்லோருக்கும் தேவையா என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் பல நாடுகளில் சோதித்தது. கொரியாவின் மாசானில் படுக்கை ஓய்வும், பூசானில் மாவுக்கட்டும் கூடுதல் பலன் தரவில்லை: மாத்திரை விழுங்கி நடமாடியவர்களுக்கும் எலும்பு அதேபோல் ஆறியது. புலவாயோவில், செத்த எலும்பைச் சுரண்டி எடுப்பது மட்டும் மருந்தைவிட மேலான பலன் தரவில்லை. ஹாங்காங்கிலோ முழு அறுவை பெற்றோருக்கு எலும்பு விரைவில் இணைந்தது, கூனும் குறைந்தது.

சென்னைச் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தின் பங்கு தனியே குறிப்பிடத்தக்கது. ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் 6 அல்லது 9 மாதம் புறநோயாளியாக உட்கொண்டோரை, அறுவையோடு 6 மாதம் மருந்து பெற்றோருடன் அங்கு ஒப்பிட்டனர். 1999இல் வெளியான பத்தாண்டு முடிவில், மருந்து மட்டும் பெற்றோரும் அறுவை பெற்றோருக்குக் குறையாமல் தேறியிருந்தனர். ஹாங்காங் முடிவோடு இது முரண்படுவதற்கு அறுவைக் கைத்திறனின் வேறுபாடே காரணம் என்போர் உண்டு.

வாரணாசியில் துலி 1975இல் வெளியிட்ட 'நடுவழி' முறை, மருந்தில் தொடங்கி, வாதம் தீராதோருக்கும் எலும்பு நிலைகுலைந்தோருக்கும் மட்டும் அறுவையை ஒதுக்குகிறது. சிறுவருக்குக் கூன் நோய் ஆறிய பின்னும் வளரலாம் என்பதைக் கோவை ராஜசேகரனின் 2001 ஆய்வு காட்டியது.

இப்போது பின்புறமாகத் திருகாணியும் கம்பியும் பொருத்துவது பரவியுள்ளது. மருந்துக்கு மசியாத காசநோயில் அறுவையை எப்போது செய்வது என்பதில் கருத்தொற்றுமை இல்லை.