தொலைந்துபோன அரை மணி நேரம்

ஈப்போவில் 1981 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு 11.45 மணிக்கு ஒரு குழந்தை பிறந்தது என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா? நம்பவே கூடாது! அன்று அப்படி ஒரு நேரமே கிடையாது. இரவு 11.30 ஆனதும் மேற்கு மலேசியா முழுவதும் மணி 12.00 என்று ஆக்கப்பட்டது. சபா, சரவாக்கோடு நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்பதே காரணம். சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது.

இது முதல் மாற்றமும் அல்ல. 1905-இல் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி நேரம் முன்னதாக இருந்த மலாயா நேரம், பிறகு ஏழரை மணி ஆனது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். 1942-இல் தோக்கியோ நேரமும் வந்தது, 9 மணி! 1945-இல் அவர்கள் தோற்றதும் மீண்டும் ஏழரை. பேராக் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு நின்ற பாட்டாளிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் நன்றாக வடியும். ரப்பர் மரத்துக்குச் சூரியன்தான் கடிகாரம்.

ஆனால், கணினிக்கு இந்தக் கணக்கு தேவை. ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அது நேரத்தையும் குறித்து வைக்கிறது. பழைய 'ஃபேட்' முறை, சுவர்க் கடிகாரம் காட்டுவதை அப்படியே எழுதும். எந்த ஊர் நேரம் என்று எழுதாது. யூனிக்ஸ் முறை, 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விநாடிகளை எண்ணும். விண்டோஸின் 'என்.டி.எஃப்.எஸ்.' முறை, 1601-ஆம் ஆண்டிலிருந்து ஒரு விநாடியைக் கோடி கூறாக்கி எண்ணும். இவ்விரண்டிலும் உள்ளே இருப்பது உலகப் பொது நேரம். திரையில் காட்டும்போதுதான் அது உள்ளூர் நேரமாகிறது.

அங்கேதான் வம்பு. யூனிக்ஸ் கணக்கு தொடங்கிய அந்த நொடியில் ஈப்போவில் மணி காலை 7.30. இன்றைய வழக்கப்படி 8 மணி நேரத்தைக் கூட்டினால், 8.00 என்று தப்பாக வரும். எந்த ஊர் எந்த ஆண்டில் மணியை மாற்றியது என்ற பட்டியலும் கணினிக்கு வேண்டும். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய நேர மண்டலத் தரவுத்தளம் அந்தப் பட்டியல்தான்.

நமக்கு இதில் என்ன வந்தது? தோட்டத்தில் 1970-களில் பிறந்த ஒருவரின் ஜாதகத்தைக் கணினியில் போடுகிறார்கள். மென்பொருள் 8 மணி நேரத்தைக் கழித்தால், பிறந்த கணம் அரை மணி முன்னே போய்விடும். சில சமயம் லக்னமே மாறிவிடும். பொருத்தம் பார்க்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா?

பழைய நோட்டில் தாத்தா குறித்த மணி சரிதான். கணினியில் ஏற்றும்போது ஊரையும் ஆண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஏழரையா, எட்டா என்று ஒருமுறை சரிபாருங்கள்.